டிக்கிக்குள் கண்ணபிரான்

கோவில்பட்டியில் கார் எலக்ட்ரீஷியன் கண்ணபிரானுக்கு, பழுதிடம் தோற்றுப்போய் ஒரு வண்டியை அனுப்பிப் பழக்கமில்லை. அவர் டிக்கியில் சப்வூஃபர் என்ற பெரிய ஸ்பீக்கரை மாட்டிக்கொடுத்த சோலைச்சாமியின் அம்பாசிடரிலோ, கடையில் நின்றால் பாட்டு முழங்கியது. ரோட்டில் ஏறினால் விட்டுவிட்டு அடங்கியது.

“டிக்கியைத் திறங்க அண்ணாச்சி. சத்தம் எங்கன சாகுதுன்னு உள்ள படுத்தே பாக்கேன். கழுகுமலைக்கு விடுங்க, தட்டுனா நிறுத்துங்க.”

கண்ணபிரான் டார்ச்சோடு டிக்கிக்குள் சுருண்டு படுத்தார். குழிக்குக் குழி மண்டை தகரத்தில் இடித்தது. கடைசியில் பிடிபட்டது: பெயின்ட்டைச் சுரண்டாமல் அவரே தகரத்தில் முடுக்கிய ஸ்பீக்கரின் எர்த் வயர், வண்டி குலுங்கும்போதெல்லாம் தொடர்பு விட்டு விலகியது. கட்டைவிரலால் அழுத்தினார், முழக்கம் நிலைத்தது.

“நிறுத்துங்க!” என்று ஓங்கித் தட்டினார்.

முன்னால் சோலைச்சாமிக்குக் கேட்கவில்லை. “இப்பம்லா அடிக்குது!” என்று சத்தத்தைக் கூட்டினார்.

விரலை எடுத்தால் பாட்டு அடங்கும், தட்டுவது கேட்கும். கண்ணபிரான் எடுக்கவில்லை. கழுகுமலை வரை அழுத்திக்கொண்டே போனார்.