பாதி பார்த்த வீடியோ

முடிச்சுப் போட ஒரு நிமிடம், அதைத் தளர்த்த ஒரு நிமிடம். அந்த வீடியோவே மொத்தம் அவ்வளவுதான். நான் முதல் நிமிடத்தோடு எழுந்துவிட்டேன். ஏழாம் வகுப்பில் எதையும் முழுதாகப் பார்க்க எனக்குப் பொறுமை கிடையாது. இப்போது மட்டும் நிறைய இருக்கிறதா என்று கேட்காதீர்கள்.

தங்கைக்குக் காதுகுத்து. எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டு மொட்டைமாடியில் பந்திக்குத் தார்ப்பாய் கட்ட மாமா முதல் நாளே வந்துவிட்டார். அம்மாவின் தம்பி, அரியமங்கலத்துப் பட்டறையில் வெல்டர். அவருக்குச் சவுதியில் வேலை கூடி வந்திருந்தது. விசேஷத்துக்கு மறுநாள் வெல்டிங் டெஸ்ட், தேறினால் விமானம். மூன்று வருடமாக அவர் காத்திருந்தது அதற்குத்தான்.

தார்ப்பாயின் மூலைக்கு ஓர் இரும்புக் குழாய். அது உள்ளே சாயாமல் இருக்க, உச்சியிலிருந்து வரும் நைலான் கயிற்றைச் சுவர்க் கொக்கியில் இழுத்துக் கட்ட வேண்டும். நான் கட்டுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். கொக்கியில் வளைத்து, அதே கயிற்றின் மேல் மூன்று சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சு. கையால் தள்ளினால் நகரும். கயிறு இழுபட்டால் கவ்விக்கொள்ளும்.

மாமா இழுத்துப் பார்த்தார். "என்ஜினியரம்மா, கட்டிட்டீங்க. கழட்டத் தெரியுமா?"

"தள்ளினா நகரும் மாமா. அவ்வளவுதான்."

சாயங்காலம் மழை பெய்து, தார்ப்பாயின் நடுவில் தண்ணீர் தேங்கித் தொங்கியது. கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினால் மூலை தாழ்ந்து வழிந்துவிடும் என்றேன். இரு, ரெண்டு பேராப் பண்ணலாம் என்று சொல்லிவிட்டு மாமா வாளி எடுக்கத் திரும்பினார். நான் இருக்கவில்லை. முடிச்சு இறுகிப்போயிருந்தது. இரண்டு கையாலும் நெரித்துத் தள்ளினேன். ஒரு விரற்கடை நகர்ந்தது. அப்புறம் மொத்தமாக அவிழ்ந்து கயிறு ஓடியது. குழாய் உள்பக்கம் சாய்ந்தது. அதற்கு நேர் கீழே தங்கை.

மாமா ஓடுகிற கயிற்றை வலது கையால் பிடித்தார். கையை உரித்துக்கொண்டு ஒரு முழம் போய்த்தான் அது நின்றது. அப்பா வந்து குழாயைத் தாங்கும்வரை அவர் விடவில்லை.

அம்மா மேலே ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டபோது நான் அப்பாவின் பின்னால் ஒதுங்கினேன். மாமாதான் சொன்னார்: "என் கைதான் வழுக்கிருச்சுக்கா."

மறுநாள் காதுகுத்தில் மாமா தங்கையை மடியில் வைத்து இடது கையால் அணைத்துக்கொண்டார். அதற்கு மறுநாள் டெஸ்டுக்குப் போனவர் மதியத்துக்குள் திரும்பிவிட்டார். கம்பியைப் பிடிக்கவே முடியவில்லையாம். அந்த இடம் வேறொருவருக்குப் போனது.

அந்த இரண்டாவது நிமிடத்தைக் கல்லூரிக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். பாரம் தொங்கும்போது முடிச்சைத் தொடாதே. முதலில் பாரத்தை இன்னொருவர் தாங்கட்டும், அப்புறம் தளர்த்து என்கிறது. மாமா வீடியோ பார்க்காமலே சொன்னதுதான்.

டெஸ்ட் நாளன்று மதியம், மாமா சவுதிக்குப் போகவில்லை என்று கேட்டதும் நான் கூடத்தில் குதித்துக் கைதட்டினேன். "ஆமாண்டி, இனிமே இங்கதான்" என்று அவர் என் தலையைத் தடவிச் சிரித்தார். அவருக்கும் அது சந்தோஷம் என்றே நினைத்தேன்.