மடியில் ஒரு சூடான டப்பா

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ். உட்கார இடம் கிடைக்காமல் என் பக்கத்தில் நிற்கும் பெண், துண்டு சுற்றிய ஒரு டப்பாவை என் மடியில் வைக்கிறாள். "சாய்க்காம வெச்சுக்குங்கக்கா."

அடியில் சுடச்சுட இருக்கிறது. "பிரியாணியாம்மா?" என்று கேட்கிறேன்.

"சோப்புக்கா. தேங்காயெண்ணெயில வேப்பிலை போட்டுக் கெளம்புறப்பதான் ஊத்துனேன். எறுகுறப்ப சூடு ஜாஸ்தியாவும். சாயங்காலத்துக்குள்ள அறுக்கலன்னா கத்தி எறங்காது. தங்கச்சி வூட்டுக்குப் போறேன், அதான் கையோட எடுத்தாந்துட்டேன்."

பசியோடு இருக்கும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஆனாலும் ஆலப்பாக்கம் வரை அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். அதற்குமேல் ஜன்னல் காற்றும் மடிச்சூடும் சேர்ந்து என்னைத் தூங்க வைத்துவிடுகின்றன.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அவள் மூடியைத் திறக்கிறாள். பச்சை சோப்பு ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இறுகியிருக்கிறது.

"தூங்கிட்டேம்மா" என்கிறேன்.

அவள் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். மெல்ல முகத்தில் சிரிப்பு வருகிறது.

"பரவால்லக்கா. தடியா இருக்குறது தங்கச்சிக்கு. மெலிசா இருக்குறது அவ மாமியாருக்கு."