அந்தப் பதினோரு நாள் அப்பாவின் தவறல்ல

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில், எங்களோடு வந்து அமர்ந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் அப்பாவைப் பற்றி நல்லதாக நான்கு வார்த்தை எழுது என்று தம்பி சொன்னான். அப்பாவைப் பற்றி எழுத நல்ல வார்த்தைக்கா பஞ்சம்? ஆனால் மூத்த மகளான நான் எழுத வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. படித்துவிட்டுக் கோபம் வந்தால் என் மீது வரட்டும்.

அப்பா பிறந்தது ராஜகீழ்ப்பாக்கத்தில். தாத்தா கட்டட வேலைக்குப் போனவர். அப்பாவுக்குப் பதினாறு வயதானபோது சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார். காலையில் தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு ஐ.டி.ஐ.க்குப் போய்ப் படித்தார் அப்பா. தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்த பிறகுதான் தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். மறைமலை நகரில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தொரு வருடம் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தார். அளந்து பார்க்காத உருப்படிக்குக் கையெழுத்துப் போட மாட்டார். ஒருமுறை மேலாளரே வந்து, லாரி காத்திருக்கிறது, போட்டுவிடுங்கள் என்றாராம். "லாரி நிக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு அளந்துகொண்டே இருந்தாராம். அந்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அம்மா இன்றும் அதைச் சொல்லி அலுத்துக்கொள்வார்.

வீட்டிலும் அதே கதைதான். எங்களுக்குக் காய்ச்சல் மருந்து ஊற்றும்போது மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கோடு பார்ப்பார். நான் பார்மசி படித்ததே அவரைப் பார்த்துத்தான். நான் வேலை செய்யும் மருந்துக் கடை எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். உங்களில் பாதிப் பேர் அங்கே என்னிடம் மருந்து வாங்கியிருக்கிறீர்கள். ஒரு வேளைகூட விடாதீர்கள், அட்டையிலிருந்து பிரித்து வைக்காதீர்கள் என்று உங்களை அதட்டியிருக்கிறேன்.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் அப்பாவுக்குக் கண் மஞ்சளானது. காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். அரிப்பும் எடைக் குறைவும் நிற்காமல் ஸ்கேன் எடுத்ததில், கணையத்தின் தலைப்பகுதியில் புற்றுநோய் என்று தெரிந்தது. அப்பாவிடம் சொல்லவில்லை. நம் வீடுகளில் யார்தான் சொல்கிறோம்? நோயாளிக்குத் தைரியம் போய்விடும் என்போம். உண்மையில் வாய் திறக்கத் தைரியம் இல்லாதது நமக்குத்தான். "பித்தக் குழாய்ல கல்லுப்பா, எடுத்துட்டா சரியாயிடும்" என்றேன். மருந்துக் கடையில் இருக்கிற மகள் சொல்கிறாள், வேறென்ன வேண்டும் என்று நம்பினார். அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் இரண்டு முறை கேட்டுக்கொண்டார். இரண்டாம் முறை, "சொல்லிட்டோம் சார்" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

அறுவை சிகிச்சை எட்டு மணி நேரம் நடந்தது. அப்பா தேறி எழுந்தார். பிறகு சில வாரம் ஊசி மருந்து. அதற்குப் பின் இருபத்தெட்டு நாள் கதிர்வீச்சு. சனி, ஞாயிறு கிடையாது. கதிர்வீச்சு இருக்கிற நாளெல்லாம் காலையும் இரவும் மாத்திரை. ஏன் இரண்டும் சேர்த்து என்று கேட்டேன். "மாத்திரை உடம்புல இருக்கும்போது ரேடியேஷன் குடுத்தா, மிச்சம் மீதி இருக்கற செல்லு மேல அது இன்னும் நல்லா வேலை செய்யும். ரெண்டும் கூடவே போகணும், விட்டுடாதீங்க" என்றார் டாக்டர்.

கதிர்வீச்சை, உள்ளே தையல் ஆறுவதற்குக் கரண்ட் வைக்கிறார்கள் என்று சொல்லிச் சமாளித்தோம். ஆஸ்பத்திரிப் பலகையைப் படித்திருப்பாரே என்று கேட்பீர்கள். படித்திருக்கலாம். படித்துவிட்டும் மகள் பேச்சையே நம்பியிருக்கலாம். எனக்குத் தெரியாது.

மாத்திரை அட்டையில்தான் சிக்கல். அப்பா எதையும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர். அதனால் இருபது நாள் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, காலியான ஒரு சத்து மாத்திரை டப்பாவில் போட்டேன். பார்மசி படித்த நான் செய்த காரியம் இது. அம்மாவுக்கு நோய் தெரியும். ஆனால் முகத்தில் எதையும் மறைக்கத் தெரியாதவர் என்பதால், அவரிடமும் அது சத்து மாத்திரை என்றே சொன்னேன். எனக்குக் கல்யாணமாகி வீடு அடுத்த தெருவில், பகலெல்லாம் கடை. அப்பாவைக் கரண்ட் வைக்க அழைத்துப் போனது தம்பி.

நான்காவது வாரம் வியாழக்கிழமை மாலை டப்பாவை நிரப்பப் போனேன். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

"இன்னாம்மா பாக்கற? அது ஒத்துக்கலை. வாயெல்லாம் வெந்து போச்சு, கஞ்சி கூட எறங்கலை. சத்து மாத்திரை தானே, அதுக்குப் பதிலா முட்டை சாப்புட்டுக்கறேன்னு உங்கம்மாகிட்ட சொல்லிட்டேன்" என்றார் அப்பா. "கரண்டை மட்டும் ஒரு நாள் விடலை, தம்பியக் கேளு."

எண்ணிப் பார்த்தேன். எட்டு நாள் சாப்பிட்டிருக்கிறார். பதினோரு நாள் கதிர்வீச்சு மட்டும் தனியாகப் போயிருக்கிறது. அவர் செய்ததில் குறை சொல்ல என்ன இருக்கிறது? சத்து மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நானும் நிறுத்தச் சொல்லித்தான் இருப்பேன். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "டாக்டர் குடுத்தது, விடக்கூடாதுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை டாக்டரைப் பார்க்கும் முறை. நானும் போனேன். "மாத்திரை ஒழுங்காப் போகுதா?" என்று கேட்டார். அப்பா வாய் திறப்பதற்குள், "போகுது சார்" என்றேன். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அளக்காத உருப்படிக்குக் கையெழுத்துப் போடாதவர் அவர்.

"இல்லை சார். பதினோரு நாள் சாப்புடலை. நான்தான் நிறுத்தினேன்" என்றார்.

டாக்டருக்குக் கோபம் வந்தது. நாங்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம் என்று நம்பியிருந்தவர் அவர். அவர் மேல் பிழையில்லை. "இவ்வளவு பெரிய ஆபரேஷன் பண்ணிட்டு வந்து இப்படிச் செய்யலாமா? உங்களுக்கு உயிர் மேல ஆசை இல்லையா?" என்று சத்தம் போட்டார். நோயாளி தானாகவே மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று கோப்பில் எழுதினார். முப்பத்தொரு வருட வேலையில் யாரிடமும் ஒரு சொல் வாங்காத மனிதர், இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். அதைச் சத்து மாத்திரை என்று சொன்னவள் நான் என்ற ஒரே வாக்கியம் வாயில் வரவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும், "இன்னா மாத்திரைம்மா அது?" என்று கேட்டார். அங்கேதான் எல்லாவற்றையும் சொன்னேன், நோயின் பெயர் உட்பட.

"மீதி எத்தினி நாள் கீது?"

"ஒன்பது நாள்ப்பா."

"இனிமே அட்டையோட குடு. பேரைப் படிச்சுட்டுப் போட்டுக்கறேன்."

அந்த ஒன்பது நாளும், அதற்குப் பிறகு மாதக்கணக்கில் நடந்த ஊசி மருந்திலும், அப்பா ஒரு வேளைகூடத் தவறவில்லை. உள்ளங்கை தோல் உரிந்து தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியாத நாளிலும் காலண்டரில் குறித்துக்கொண்டு விழுங்கினார். கூடவே இருந்து பார்த்த எங்களுக்கு அது தெரியும். உறவுக்குள் பரவியதோ கோப்பில் இருந்த அந்த ஒரு வரிதான். "இன்னாண்ணா நீ, மாத்திரை கூட ஒயுங்கா போட மாட்டியா?" என்று அத்தை போனில் அழுதபோது, "ஆமாம்மா, தப்புதான்" என்றார் அப்பா. பக்கத்தில் நான்தான் இருந்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து நோய் கல்லீரலில் திரும்பியது. அந்தப் பதினோரு நாளால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். எல்லாப் பொய்யையும் அன்றுதான் அவரிடம் ஒப்புக்கொண்டேன். "யாராலும் சொல்ல முடியாது. ஒரு வேளை விடாம சாப்பிட்டவங்களுக்கும் திரும்பி வந்திருக்கு" என்றார். அவர் பெருந்தன்மைக்கு நன்றி. ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. நான்கு மாதத்தில் அப்பா போய்விட்டார். காரியத்தன்று பந்தலில், பிடிவாதக்காரர், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் இருந்திருப்பார் என்று பேசிக்கொண்டீர்கள். உங்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டே அதைக் கேட்டேன். அன்றும் வாய் திறக்கவில்லை.

கடைசி நாட்களில் வீட்டுக்கு வந்து படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போட்ட செவிலியர் அக்காவுக்கும், கதிர்வீச்சு அறையில் அப்பாவைத் தினமும் பெயர் சொல்லாமல் "அப்பா, வாங்க" என்று கூப்பிட்ட ஊழியர் தம்பிக்கும், கேட்ட போதெல்லாம் விடுப்புக் கொடுத்த கடை முதலாளிக்கும், பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அத்தை, உங்களிடம் தனியாக மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் அண்ணன் தப்புச் செய்யவில்லை.

இறப்பதற்குச் சில நாள் முன்பு அப்பாவிடம் கேட்டேன்: "எல்லார்கிட்டயும் ஏம்ப்பா உங்க தப்புன்னே சொன்னீங்க? என்னைச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, நாளைக்கு உன்கிட்ட யாரும்மா மருந்து வாங்குவாங்க?" என்றார்.

வாங்குகிறவர்கள் நீங்கள்தான். உங்கள் கையில்தான் இந்த மலரைக் கொடுத்திருக்கிறேன். நாளைக் காலை ஒன்பது மணிக்கு வழக்கம்போலக் கடையில் இருப்பேன்.

— மூத்த மகள்