மஞ்சள் தடவிய ஃபாரமும் தீர்த்தகிரி பி.ஏ.யும்

தொரப்பள்ளிக்குக் கிழக்கே இரண்டு மைலில் இருந்த அந்த ஊரில், ஐம்பத்தொன்பதாம் வருஷக் கணக்குப்படி, நூற்றிருபது வீடும் மூன்று கிணறும் ஒரு பி.ஏ.யும் இருந்தன. கிணறுகளால் ஊருக்குப் பயன் இருந்தது.

பி.ஏ.யின் பெயர் தீர்த்தகிரி. சென்னப்பனுக்கும் நாகம்மாவுக்கும் ஒரே பிள்ளை. ஐம்பதாம் வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் முதல் வகுப்பில் தேறினான். ஒசூர்த் தாலுகாவில் அது சாமானியமான காரியம் அல்ல. செய்தி கேட்டு பெங்களூரிலிருந்து ஓடிவந்தவர் நாகம்மாவின் அண்ணன் நாராயணப்பன். அங்கே ஒரு பெரிய மெஷின் ஃபேக்டரியில் கேட் வாட்ச்மேன். காக்கிச் சட்டை, பித்தளை பில்லை, மீசை. அவர் வந்து உட்கார்ந்தால் சென்னப்பன் எழுந்து நிற்பார், வீடு தன்னுடையது என்பதையும் மறந்து.

"மேக்கொண்டு என்னா படிக்க வெக்கலாம் மச்சான்? இல்ல, உங்க ஃபேக்டரியிலயே எதுனா…" என்று சென்னப்பன் இழுத்தார்.

"ஃபேக்டரியா? ஐயே!" நாராயணப்பன் முகத்தைச் சுளித்தார். "எண்ணெயும் கரியும். அங்க வேல செய்யறவன் மூஞ்சிய அவன் பொண்டாட்டியே அடையாளம் கண்டுக்க மாட்டா. முதல் வகுப்புல தேறின புள்ளயக் கொண்டுபோயி அதுல தள்ளுவியா? மாப்ளே, நீ பி.ஏ. படி. பெங்களூருலயே படி. கன்னடத்த எடுத்துப் படி. அமல்தாரா ஆயிடுவே."

"அமல்தாருன்னா?"

"நம்ம தாசில்தாருதான். மைசூர்ல அப்படிச் சொல்றது. ஒசூரு இன்னிக்கோ நாளைக்கோ மைசூரோட சேரப்போவுது. எங்க பெரிய ஆபீசருங்களே பேசிக்கிறாங்க. ஊரு அந்தப் பக்கம் போறப்ப, கன்னடம் படிச்ச நம்ம பையன் நாற்காலியில குந்திக்கினு இருப்பான்."

ஆபீசர்களின் கார் கேட்டைக் கடக்க மூன்று வினாடி ஆகும். ராஜ்யங்களின் எதிர்காலம் பற்றி நாராயணப்பன் அறிந்ததெல்லாம் அந்த மூன்று வினாடிகளில் கார் ஜன்னல் வழியாகக் கசிந்தது. ஆனால் மைசூரின் உட்கதவே தெரியாத ஊரில், வெளிக்கதவைத் திறந்து மூடுகிறவர் சொல்வதுதான் சாஸ்திரம்.

"எங்கண்ணன் சொன்னா ரைட்டாத்தான் இருக்கும்" என்றாள் நாகம்மா. தீர்ப்பு எழுதியாயிற்று. படிப்புச் செலவுக்குக் கிழக்குக் கொல்லை கைமாறியது. தீர்த்தகிரி பெங்களூர் பஸ் ஏறினான்.

அதே மாதம் நாராயணப்பனின் மூத்த மகன் முனிராஜும் பெங்களூர் போனான். அவன் அதே எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு முறை தோற்றுத் தன் உறுதியை நிரூபித்தவன். ஃபேக்டரியில் ஒரு வழக்கம் இருந்தது: நல்ல பெயருள்ள வேலையாள் தன் சர்வீஸ் காலத்தில் ஒரு சொந்தக்காரரையும், ஓய்வு பெறும் வருஷம் இன்னொருவரையும் சிபாரிசு செய்யலாம். முதல் சிபாரிசு முனிராஜுக்குப் போயிற்று. "என்னா செய்யறது, படிப்பு ஏறாத புள்ள. எண்ணெயிலயாவது கெடக்கட்டும்" என்று நாராயணப்பன் வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தைப் பார்த்து நாகம்மாவின் கண்ணே கலங்கிவிட்டது.

ஐம்பத்துநாலில் தீர்த்தகிரி பட்டம் வாங்கினான். சரித்திரம், பொருளாதாரம், கன்னடம். கறுப்பு அங்கியில் எடுத்த படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். பிறகு எல்லோரும் ஒசூர் மைசூருக்குப் போவதற்காகக் காத்திருந்தார்கள். இப்படியொரு காத்திருப்பை இந்தத் தேசத்தில் எல்லைக்காரர்களால் மட்டுமே செய்ய முடியும். மற்ற ஊர்க்காரர்கள் வேலை இருக்கும் இடத்துக்குத் தாங்கள் போவார்கள். இவர்கள் வேலை இருக்கும் இடத்துக்கு ஊரே போகட்டும் என்று வாசலில் நின்றார்கள்.

ஐம்பத்தாறு நவம்பரில் ராஜ்யங்களுக்கு நடுவே கோடு போட்டார்கள். ஒசூர் இருந்த இடத்திலேயே இருந்தது. தீர்த்தகிரிதான் இடம் பெயர்ந்தான்: இந்தப் பக்கத்து ஆபீஸில் போய் நின்றால், "மைசூர் பட்டமா? கன்னடமா? அங்கியே கேட்டுப் பாருங்க தம்பி" என்றார்கள். அந்தப் பக்கம் போனால், "மெட்ராஸ் கடெயவரா? உங்க சர்க்கார் இருக்குதல்ல ஸ்வாமி, அல்லி ஹோகி, அங்க போங்க" என்று இரண்டு பாஷையிலும் மரியாதையாகக் கதவைக் காட்டினார்கள். இப்படி அத்திப்பள்ளி வழியாக அவன் போய்வந்த பஸ் பயணங்களில், கண்டக்டர் ஒருவர் மட்டுமே அவனை "வாங்க சார்" என்றார். அதற்குள் இருபத்தைந்து வயது தாண்டிவிட்டது. சர்க்கார் வேலைக்கு அதுதான் வரம்பு.

ஊரில் அவனுக்கு மரியாதை குறையவில்லை. "பி.ஏ. வந்துட்டாரு, கொஞ்சம் தள்ளி குந்துங்க" என்பார்கள். பெண் கேட்கப் போன இடத்தில்தான் சிக்கல்.

"பையன் என்னா பண்றாரு?"

"பி.ஏ."

"அது சரிங்க. என்னா பண்றாரு?"

முனிராஜ் தீபாவளிக்கு வந்தான். கைக்கடிகாரம், கம்பெனி கொடுத்த கம்பளிச் சட்டை, ஓவர்டைம், போனஸ் என்று ஊர் அறியாத சொற்கள். ஃபிட்டர் ஆகியிருந்தான். அவன் முகம் யாருக்கும் அடையாளம் தெரியாமல் போகவில்லை. மூன்று ஊர்க்காரர்கள் அதை அடையாளம் கண்டுகொண்டு பெண் கொடுக்க வந்தார்கள். அந்த வருஷம் தீர்த்தகிரி ஏர் பூட்டினான். மாடுகள் பி.ஏ.வைக் கொஞ்சமும் மதிக்கவில்லை.

மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று: நாராயணப்பனின் இரண்டாவது சிபாரிசு. "ஐம்பத்தொம்பதுல நான் ரிட்டேரு. அந்த ஃபாரம் உனக்குத்தான் மாப்ளே. ஸ்டோர்ல கிளார்க்கு வேல" என்று தங்கை தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். இரண்டு வருஷமாக தீர்த்தகிரி அந்த ஒரு வாக்கின்மேல் உட்கார்ந்திருந்தான். அமல்தார் நாற்காலி போய் கிளார்க் ஸ்டூலாகச் சுருங்கியதில் அவனுக்கு வருத்தமில்லை. உட்கார ஏதாவது கிடைத்தால் போதும் என்று ஆகியிருந்தது.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாராயணப்பன் வந்தார். கையில் ஃபாரம். நாகம்மா சேவலைப் பிடிக்கச் சொன்னாள். களி கிண்டினாள். தீர்த்தகிரி பேனாவில் மை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்தான். தன் பெயரைத் தானே எழுதுவதில் ஒரு கூச்சம் இருந்தது. எதற்கும் கேட்டு வைத்தான்.

"பேரு என்ன மாமா போடறது?"

"கரியப்பன்னு போடு. நம்ம சின்னவன். போன வருஷம் எஸ்.எஸ்.எல்.சி.யில முதல் வகுப்புல தேறினானே."

தீர்த்தகிரி பேனாவைக் காகிதத்திலிருந்து தூக்கினான்.

"கிளார்க்கு வேலன்னீங்களே மாமா."

"கேட்டேன் மாப்ளே, கேக்காம இருப்பனா? அதுக்கு எஸ்.எஸ்.எல்.சி. போதுமாம். பி.ஏ.ன்னா ஜாஸ்தியாம். படிச்சவன வெச்சா சட்டம் பேசுவான்னு பயப்படறாங்க." உண்மையிலேயே அவர் முகத்தில் மருமகனைப் பற்றிய பெருமை இருந்தது. "எனக்கு இங்கிலீசு தெரியாது, உனக்குத் தெரியும். இந்தா, முனிராஜுக்குப் போட்ட ஃபாரத்தோட காப்பி. ராசியான காகிதம். இதுல இருக்கற மாதிரியே எழுதிடு."

மடித்த காகிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. ஒன்பது வருஷமாக சாமி படத்துக்குப் பின்னால் இருந்த காகிதம். ஆபீஸில் யாரோ ஆங்கிலத்தில் டைப் அடித்தது. தீர்த்தகிரி படித்தான். சிபாரிசு செய்யப்படுபவர் என்ற இடத்தில் முதலில் இருந்த பெயர் தீர்த்தகிரி, தகப்பன் பெயர் சென்னப்பன். அதை மையால் அடித்து மேலே முனிராஜ் என்று எழுதியிருந்தது. ஓரத்தில் காரணம்: மேற்படி நபர் இந்த வேலை தமக்கு வேண்டாமென்று தாமாகவே சொல்லிவிட்டார். கீழே நாராயணப்பனின் கன்னடக் கையெழுத்து.

பட்டம் வாங்கி ஐந்து வருஷத்தில் அவன் படிப்பு முதன்முதலாக ஒரு காரியத்துக்கு உதவியது.

"மாமா, இதுல மொதல்ல என் பேருதான் இருக்குது."

நாராயணப்பனின் மீசை மட்டும் அசைந்தது. "அது… ஆபீசுல ஏதோ தப்பா அடிச்சிட்டானுங்க."

"எங்கப்பா பேரும் ரைட்டா தப்பா அடிச்சிருக்காங்க. நான் வேல வேணாம்னு சொல்லிட்டேன்னு எழுதியிருக்குது. இதே மாதிரி எழுதச் சொன்னீங்களே, இந்த வரியும் எழுதட்டுமா?"

களிக் கரண்டியோடு நாகம்மா வாசற்படியில் நின்றாள். "ஏண்ணா, அவன் எப்ப வேணாம்னான்? ஃபேக்டரின்னா என்னான்னே அவனுக்குத் தெரியாதே. நீதான வந்து ஐயேன்னு சொன்னே?"

"ரெண்டு வாட்டி தோத்த புள்ள தாயி. நான் எங்க கொண்டுபோயி நிறுத்தறது?" முதல் தடவையாக அவர் குரல் கேட் வாட்ச்மேன் குரலாக இல்லை. "இவன் எங்க போனாலும் பொழச்சுக்குவான்னு நெனச்சேன்."

"அப்ப சின்னவன பி.ஏ. படிக்க வெக்கலாமே மாமா" என்றான் தீர்த்தகிரி. "அவன் முதல் வகுப்பாச்சே."

"ஐயோ, வேணாம்பா!" என்று நாராயணப்பன் பதறிவிட்டார். பிறகு தான் சொன்னது தனக்கே கேட்டுவிட்டது போல வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டார்.

தீர்த்தகிரி ஃபாரத்தை நிரப்பினான். கரியப்பன், தகப்பன் பெயர் நாராயணப்பன், ஒழுக்கம் நன்று. கடைசி வரியில், விண்ணப்பதாரரின் நன்னடத்தைக்குப் பட்டதாரி ஒருவர் கையெழுத்து வேண்டும் என்றிருந்தது. "அதுக்கும்தான் மாப்ளே உன்கிட்ட வந்தேன். சுத்துப்பட்டுல நீ ஒருத்தன்தானே" என்றார் நாராயணப்பன், தரையைப் பார்த்தபடி.

கையெழுத்துப் போட்டான். பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று இரண்டு எழுத்தும் இரண்டு புள்ளியும் தெளிவாக வைத்தான். மை காய ஊதினான்.

நாராயணப்பன் சாப்பிடவில்லை. நாகம்மாவும் வற்புறுத்தவில்லை. புறப்படும்போது பழைய காப்பிக்குக் கை நீட்டினார்.

"இது இங்கயே இருக்கட்டும் மாமா. என் பேரு போட்டு வந்த வேலைக் காகிதம் இது ஒண்ணுதான்."

அவர் பஸ் ரோட்டில் மறையும்வரை நாகம்மா வாசலில் நின்றாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள். "எல்லாம் தெரிஞ்சும் ஏண்டா போட்டுக் குடுத்தே?"

தீர்த்தகிரி பேனாவை மூடிச் சட்டையில் செருகினான்.

"பி.ஏ. வேணும்னு கேட்டு ஒருத்தர் நம்ம வாசலுக்கு வந்தது இதுதாம்மா மொதவாட்டி."