ஆடாத பாட்டில்

பிளம்பருக்கு ஆடுகிற எதையும் கண்டால் ஆகாது. நாற்காலியின் கால் லேசாக ஆடினாலும் அதில் உட்காரமாட்டார். கதவின் கொண்டி லொடலொடத்தால், வந்த விருந்தாளியை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரைத் தேடப் போய்விடுவார். போன வருஷம் தன் கடைவாய்ப் பல் ஆடியதைப் பற்றி அவர் மனைவி மூச்சுவிடவே இல்லையாம். சொன்னால் மனுஷன் குறடோடு வந்து நிற்பாரே என்ற பயம்.

இன்னொரு குணமும் உண்டு. எதையும் தூக்கிப் போடமாட்டார். வேலை முடிந்து மிஞ்சும் குழாய்த் துண்டு, எல்போ, மூடி, வாஷர் எல்லாம் கட்டிலுக்கடியில் குவிந்து கிடக்கும். குப்பை என்று மனைவி வாயெடுத்தால் போதும், அது குப்பையில்லை, இன்னும் வேலை கிடைக்காத சாமான் என்பார். அந்தச் சாமான்களுக்கு ஒருநாள் வேலை கிடைத்தது, மருமகளால்.

மகன் கப்பலில் வேலைக்குப் போனபோது தன் மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டுப் போனான். அது தூசி படிந்து நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் மருமகள் ஓட்டப் பழகினாள். பழகின கையோடு பார்சல் கம்பெனியிலும் சேர்ந்துவிட்டாள். பிளம்பர் வீட்டுக்குள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். தெருவில் இறங்கினால் மட்டும், என் மருமகள் அந்த வண்டியை என்ன லாவகமாக வளைக்கிறாள் தெரியுமா என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

சேர்ந்த கொஞ்ச நாளில் அவளுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. உடம்பில் தண்ணீரே இல்லை, இப்படியே விட்டால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அதைக் கேட்டதிலிருந்து பிளம்பருக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீர் விஷயம் என்றால் அது அவர் இலாகா அல்லவா? யோசித்துப் பார்த்துக் காரணத்தையும் அவரே கண்டுபிடித்தார். தண்ணீர் பாட்டில் பின்சீட்டுப் பையில், பார்சல்களுக்கு அடியில் கிடக்கிறது. எடுத்துக் குடிப்பதென்றால் கடையையே கலைக்க வேண்டும். பாவம், பெண் எப்படிக் குடிப்பாள்?

கட்டிலுக்கடியிலிருந்து அகலமான குழாய்த் துண்டு ஒன்றை இழுத்தார். பாட்டில் உயரத்துக்கு அறுத்து, அடியில் மூடி போட்டு ஒட்டி, மழைத் தண்ணீர் நிற்காமலிருக்க அதில் ஒரு துளை போட்டார். குழாயின் வாயை அடுப்பில் காட்டி இளக்கி லேசாக விரித்தார். வீடெல்லாம் நாறுகிறது என்று மனைவி கத்தியது அவர் காதில் ஏறவே இல்லை. பழைய டயர் ட்யூபை வெட்டி உள்ளே ரப்பர் கொடுத்து, இரண்டு கிளாம்ப் போட்டு ஹேண்டில்பாரோடு முடுக்கினார். காலையில் தன் கையாலேயே பாட்டிலில் தண்ணீர் பிடித்து அதில் சொருகி அனுப்பினார்.

அவளோடு வேலை செய்கிற பையன்கள் அதைப் பார்த்துவிட்டு ஆளுக்கொன்று கேட்டு வந்தார்கள். பிளம்பருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கிளாம்ப்பை மட்டும் வாங்கி வரச் சொல்லி, மற்றதைத் தானே போட்டுச் செய்து கொடுத்தார். ஆனால் நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் ஒருவன் திரும்பி வந்து, சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது பாட்டில் லொடலொடவென்று ஆடுகிறது என்றான். அவர் வேலையிலா குறை? மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அப்போதுதான் வந்து நின்ற மருமகளின் வண்டியிடம் அவனை இழுத்துப் போய் ஹேண்டில்பாரைப் பிடித்து உலுக்கிக் காட்டினார். பாட்டில் அசையவே இல்லை.

“பாத்தியா? அதே பைப்பு, அதே ரப்பர். சத்தம் வருதா?”

நெட்டை பாட்டிலை உருவிக் கையில் தூக்கிப் பார்த்தான்.

“அண்ணே, இது நெறஞ்சு கெடக்கு. நெறஞ்சது எப்படி ஆடும்? காலி பாட்டில்தான் ஆடும்.”

மூடியைத் திறந்தால், காலையில் அவர் பிடித்து வைத்த தண்ணீர் கழுத்துவரை அப்படியே இருந்தது. பிளம்பர் முகத்தில் ஈயாடவில்லை.

அன்றைக்குப் பிடித்தது சனி. பாட்டில் வலப்பக்கம் இருப்பதால் கை எட்டவில்லை என்று இடப்பக்கம் மாற்றினார். நிமிர்ந்து நிற்கிறது என்று சாய்த்து வைத்தார். மூடியில் ஓட்டை போட்டு ஒரு மெல்லிய ட்யூபைச் சொருகி, குனிந்தால் போதும், உறிஞ்சிக் குடிக்கலாம் என்று செய்து காட்டினார். மருமகள் ஒவ்வொன்றுக்கும் நன்றாக இருக்கிறது மாமா என்பாள். சாயங்காலம் அவர் போய்ப் பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பார். கனமாகவே இருக்கும். ஊருக்கெல்லாம் ஒத்துப்போனது வீட்டுக்கு மட்டும் ஏன் ஒத்துவரவில்லை என்று மனசுக்குள் புழுங்கினார்.

மறுபடியும் காய்ச்சல் வந்தது. மருமகள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு நடுங்கினாள். பிளம்பருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெரிந்தது ஒரே வேலை. கூடத்தில் உட்கார்ந்து இன்னொரு குழாயை அறுக்க ஆரம்பித்தார். மனைவி அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே நின்றாள்.

“அந்தக் குழாயைக் கீழ வைங்க. குறை அதுல இல்ல. தண்ணி குடிச்சா அப்புறம் போகணும்ல? எங்க போவா? ஆம்பளைங்க ஏதாவது சுவரோரம் ஒதுங்கிட்டு வந்துருவீங்க. அவ காலைல கெளம்பினா பொழுது சாஞ்சு வீட்டுக்கு வந்துதான் போறா. மாமனார்கிட்ட வந்து இதைச் சொல்லுவாளா?”

பிளம்பர் கையிலிருந்த ரம்பத்தை வைத்தார். அவள் பார்சல் கொடுக்கிற தெருக்கள் அவருக்குத் தெரியாதவையா? பாதிக்குப் பாதி கக்கூஸ் அவர் கைப்பட மாட்டியது. எந்த வீட்டில் குழாய் சொட்டும், எந்தக் கடையில் தாழ்ப்பாள் விழாது என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த வாசல்களைத்தான் அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு தினம் தாண்டிப் போயிருக்கிறாள். அவரோ ட்யூபைச் சொருகிக் குடி, குடி என்று நச்சரித்திருக்கிறார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. திட்ட வேறு ஆள் கிடைக்காமல் தன்னையே திட்டிக்கொண்டார்.

மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். முதலில் தையல்கடை. அங்கே ஃப்ளஷ் டேங்க் ஒழுகுகிறது என்று அந்த அம்மா எத்தனையோ தடவை சொல்லியனுப்பியும் இவர் டிமிக்கி கொடுத்துக்கொண்டே இருந்தார். கூப்பிடாமலே வந்து நின்றவரைப் பார்த்து, இன்றைக்கு மழை கொட்டப் போகிறது என்றாள். டேங்க்கைச் சரிசெய்து, தாழ்ப்பாளையும் முடுக்கிவிட்டு வந்து நின்றார். வாய்தான் வரவில்லை. மருமகள் பார்சலோடு இந்தப் பக்கமாகத்தான் வருவாள், டாக்டர் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லியிருக்கிறார் என்பதுவரை வந்து, அதற்குமேல் நகராமல் வியர்த்து வழிந்தார். அந்த அம்மா மெஷினை நிறுத்தினாள்.

“வரச் சொல்லுங்க. இதை ஒரு மனுஷன் கேக்கணுமா? கடை வச்ச புதுசுல நான் படாத பாடா?”

அச்சாபீசில் பைண்டிங் செய்கிற பெண்கள் கேட்ட மாத்திரத்தில் சரி என்றார்கள். மருந்துக்கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். சாவி கல்லாப்பெட்டியில் இருக்கும், வாங்கிக்கொள்ளட்டும் என்றார். ஒரு பெரிய மாடிவீட்டில் மட்டும் காவலாளியை விட்டே விரட்டிவிட்டார்கள். உங்கள் வீட்டுக் குழாயெல்லாம் ஒழுகிப் போகட்டும் என்று சபித்துக்கொண்டே வந்தவர், தெருமுனையில் நின்று அந்தச் சாபத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார். அந்தக் குழாய்களை மாட்டியதே அவர் அல்லவா!

மருமகள் தேறி வேலைக்குக் கிளம்பிய காலையில் பிளம்பர் வழக்கம்போலப் பாட்டிலைக் கொண்டு வந்து சொருகினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கிளட்ச் ஒயரைப் பார்த்தபடி பேசினார்.

“தையல்கடைல டேங்க்கைச் சரி பண்ணிட்டேன்மா. அச்சாபீஸ்லயும் மருந்துக்கடைக்குப் பின்னாலயும் பாத்துட்டேன். சுத்தமா இருக்கு. தாழ்ப்பாள் நல்லா விழுது. உன்னைப் பத்திச் சொல்லி வச்சிருக்கேன்.”

அவள் அவசர அவசரமாக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். சரி மாமா என்று குரல் மட்டும் உள்ளேயிருந்து வந்தது.

அன்று சாயங்காலம் பிளம்பர் எந்த வேலைக்கும் போகவில்லை. எல்போக்களைப் பிரித்து அடுக்குவதாகப் பாவனை பண்ணிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பொழுது சாயும் நேரத்தில் தெருமுனைப் பள்ளத்தில் ஒரு வண்டி இறங்கி ஏறியது. லொடலொடவென்று சத்தம் கேட்டது. பிளம்பர் எழுந்து வாசலுக்கு ஓடினார்.

மருமகள் வண்டியை நிறுத்தினாள்.

“மாமா, இந்தப் பாட்டில் வர்ற வழியெல்லாம் ஒரே ஆட்டம். இன்னொரு ரப்பர் வச்சுக் குடுங்களேன்.”

அவர் பாட்டிலை உருவித் திறந்து கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டு விழுந்தது. மூடி, பழையபடி குழாய்க்குள் சொருகி, விரலால் ஒரு தட்டுத் தட்டினார். ஆடியது.

“ஆடட்டும்மா” என்றார்.