மூன்றாவது கேள்விக்கு அம்மாவின் பதில்

எங்கள் வீட்டில் இத்தாலிய மொழிக்குப் பொறுப்பாக இருந்தது நான். அப்போது எனக்குப் பதினொரு வயது. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் பொலிஸ் கந்தோருக்குப் போனாலும், அப்பாவின் முதுகுவலிக்கு டொக்டரிடம் போனாலும், நடுக் கதிரை எனக்குத்தான். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை என்னைப் பற்றி முறையிட அப்பாவை அழைத்த நாளில்கூட மொழிபெயர்த்தது நானே. ஆசிரியை கால் மணி நேரம் பேசினார். அப்பாவிடம் அது இரண்டு வசனமாகப் போய்ச் சேர்ந்தது, இரண்டுமே பாராட்டு. அப்பா எழுந்து நின்று அவருக்குக் கைகொடுத்துவிட்டு வந்தார்.

அம்மாவுக்கு இத்தாலியம் தெரியாது என்று சொல்ல முடியாது. நகரத்தின் பழைய பகுதியான கால்சாவில், சிஞ்ஞோரா என்று மரியாதையாக அழைக்கிற ஒரு வயதான இத்தாலிய அம்மாளை ஒன்பது வருடம் பார்த்துக்கொண்டவர். சமையலுக்கும் மருந்துக்கும் மீன்காரனோடு சண்டை பிடிப்பதற்கும் போதுமான இத்தாலியம் அவரிடம் இருந்தது. கடுதாசி என்று வந்துவிட்டால் மட்டும் வாயை மூடிக்கொண்டு என்னை முன்னால் தள்ளிவிடுவார். கையெழுத்துப் போடுகிற இடத்தில் ஒரு சொல் பிழைத்தால் என்ன ஆகுமோ என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு.

அந்த வருடம் சிஞ்ஞோரா வடக்கே மகளோடு இருக்கப் போய்விட்டார். வேலை முடிவில் கொடுக்கிற ஒன்பது வருடச் சேவைக் காசு அம்மாவுக்கு ஒரே தொகையாகக் கைக்கு வந்தது. தன் பெயருக்கென்று அவ்வளவு காசை அம்மா அதுவரை கண்டதில்லை. அதை என்ன செய்வது என்பதுதான் அந்தக் கோடை முழுவதும் எங்கள் வீட்டுக் கதை. அப்பா சீட்டில் போடலாம் என்றார். மாமா பங்கில் போடச் சொன்னார்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. மொண்டெல்லோவில் ஒரு உணவகத்தின் குசினியில் வேலை செய்தார். கோப்பை கழுவுகிற நேரத்துக்கிடையில் கையைத் துடைத்துவிட்டுக் கைபேசியில் பங்கு விலை பார்ப்பார். விலை பச்சையாக இருந்த நாட்களில் சீழ்க்கையடித்தபடி எங்கள் படியேறி வருவார். சிவப்பாக இருந்த நாட்களில் எங்கள் வீட்டுப் புட்டு அவருக்குக் கல்லு மாதிரி இருக்கும். கொஞ்சம் ஏறிய பங்கைப் பொறுக்க மாட்டாமல் விற்றுவிட்டு, அது பிறகும் ஏறுவதைப் பார்த்து வயிறெரிவார். விழுந்ததை மட்டும் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பார். "விக்காத வரைக்கும் நட்டமில்லை அக்கா" என்பார், யாரும் கேட்காமலே.

அம்மாவின் கேள்விகள் வேறு மாதிரி.

"அது அவ்வளவு திறமான பங்கெண்டால், வைச்சிருக்கிறவன் ஏனடா விக்கிறான்?"

"அவனுக்குக் காசுத் தேவை வந்திருக்கும் அக்கா."

"எனக்கு வராதோ? சரி, நாளைக்கு விழுந்தால் ஆர் பொறுப்பு?"

"ஒருத்தரும் பொறுப்பில்லை. அதுதான் மார்க்கெட்."

அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தாமல், "அப்ப எனக்குப் பழகின விசயம்தான்" என்றார். ஆனாலும் காசு வங்கியில் சும்மா கிடக்க, கடையில் எல்லாவற்றுக்கும் விலை ஏறிக்கொண்டிருந்தது. என் மேற்படிப்பு அந்தக் காசில்தான் நடக்கவேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார். ஒருக்கால் வங்கிக்குப் போய்க் கேட்டுப் பார்ப்போம் என்று ஒரு நாள் ஒத்துக்கொண்டார்.

அன்றைக்கே மாமா என்னை பல்கனிக்குக் கூப்பிட்டார். வங்கியில் ஒரு கேள்வித்தாள் தருவார்கள், பதிலைப் பார்த்துத்தான் பங்கு வாங்க விடுவதா இல்லையா என்று முடிவெடுப்பார்கள் என்று விளக்கினார்.

"கொம்மா பயந்தவ எண்டு எழுதிப்போட்டினமெண்டால் நான் சொல்லுற பங்கு ஒண்டும் வாங்கேலாது. விழுந்தால் என்ன செய்வீங்கள் எண்டு கேட்டால், இன்னும் வாங்குவன் எண்டு சொல்லு. விளங்குதோ பிள்ளை?"

இந்தச் சேவைக்குக் கூலியாக எனக்குப் பத்தினி வாங்கித் தருவதாக மாமா சொன்னார். இத்தாலியத்தில் பத்தினி என்றால் சில்லுப் பூட்டிய சப்பாத்து. என் வகுப்பில் பாதிப் பேரிடம் அது இருந்தது. முன்னர் ஒருநாள் விருந்தினர் நடுவில் எனக்கு ஒரு பத்தினி வேண்டும் என்று நான் அழுது, அப்பா தேநீர் புரையேறி எழுந்து போயிருக்கிறார். ஒரே சொல் ஒரு மொழியில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறொன்றாகவும் இருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும் என்ற எண்ணம் அந்த வயதிலேயே எனக்கு இருந்தது.

வங்கி வியா மக்வேதா என்ற பெருந்தெருவிலிருந்து இறங்குகிற ஒரு தெருவில் இருந்தது. அம்மா கோவிலுக்குக் கட்டுகிற சேலை கட்டியிருந்தார். எங்களை உட்காரவைத்த வங்கிச் சிஞ்ஞோரா மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். மேசையில் ஒரு கிண்ணம் நிறைய எலுமிச்சை இனிப்பு. மொழிபெயர்க்கப் பெரியவர்கள் யாரும் வரவில்லையா என்று என்னைக் கேட்டார். எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள், வழக்கமாக நான்தான் என்று மிடுக்காகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு இனிப்பை என் பக்கம் தள்ளினார்.

முதல் கேள்வி: இந்தக் காசை எவ்வளவு காலம் தொடாமல் விடமுடியும்?

"நீ படிச்சு முடிக்குமட்டும்" என்றார் அம்மா. நான் பத்து வருடம் என்றேன். அதில் பிழையொன்றும் இல்லை.

இரண்டாவது: வாங்கிய பங்கின் விலை இருபது வீதம் விழுந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

"ஏன் விழுந்ததெண்டு முதல் கேட்பன் எண்டு சொல்லு."

நான், "இன்னும் வாங்குவாராம்" என்றேன்.

சிஞ்ஞோரா புருவத்தை உயர்த்தி, உன் அம்மா நல்ல தைரியசாலி என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான் கிண்ணத்தைப் பார்த்தேன்.

மூன்றாவது கேள்வி, இதற்கு முன் நட்டப்பட்ட அனுபவம் உண்டா என்பது. நட்டம் என்பதற்கு அந்தத் தாளில் இருந்த சொல்லைத்தான் பள்ளிக்கூடத்தில் பென்சில் காணாமல் போனாலும் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த தமிழில் கேட்டேன்.

"அம்மா, முந்தி எதையாவது துலைச்சனீங்களோ எண்டு கேக்கிறா."

அம்மா மடியில் இருந்த கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினார். பிறகு சிஞ்ஞோராவின் பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஓம். வீடு. தையல் மெசின். மாடு ரெண்டு."

கொக்கியை மறுபடியும் திறந்து மூடினார்.

"குட்டி."

எனக்கு எரிச்சலாக வந்தது. இது வங்கி. கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் உள்ள இடத்தில் உட்கார்ந்துகொண்டு மாட்டையும் ஆட்டுக்குட்டியையும் பற்றிக் கதைக்கிறாரே என்று வெட்கப்பட்டேன். மாட்டுக்குப் பிறகு சொன்ன குட்டி வேறு என்ன குட்டியாக இருக்கப்போகிறது? சிஞ்ஞோரா பேனையோடு காத்துக்கொண்டிருந்தார். அம்மாவிடம் முன்னர் பங்கு இருந்ததில்லை, ஆகவே நட்டமும் இல்லை, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

"நோ" என்றேன். அது போதாதென்று பட்டு, "மாய்" என்றும் சேர்த்துக்கொண்டேன். ஒருபோதும் இல்லை என்று அர்த்தம்.

சிஞ்ஞோரா கட்டத்தில் புள்ளடி போட்டார். ஒன்பது வருடம் இத்தாலியர் வீட்டில் வேலை செய்த அம்மாவுக்கு அந்த இரண்டு சொல்லும் தெரியும் என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை.

நான்காவது, இந்தக் காசில் எவ்வளவு போனால் உங்கள் வாழ்க்கை பாதிக்கப்படாது என்ற கேள்வி. மாமா சொல்லித் தந்த பதிலோடு நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். கால்சா குசினியில் படித்த, பாதி சிசிலியன் கலந்த இத்தாலியத்தில் நேராகவே சிஞ்ஞோராவிடம் பேசினார். இந்தக் காசில் ஒன்றும் போக முடியாது. இது பிள்ளையின் படிப்பு. இரண்டாவது கேள்விக்கும் பதிலைத் திருத்தவேண்டும், விலை விழுந்தால் நான் வாங்க மாட்டேன், ஏன் விழுந்தது என்று உங்களிடம் வந்து கேட்பேன். சிஞ்ஞோரா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேறொரு தாள் எடுத்தார். எனக்குக் காது இரண்டும் சுட்டது.

மூன்றாவது பதிலையும் திருத்துவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அதை அம்மா தொடவில்லை. பழைய தாளில் இருந்த என் 'நோ' அப்படியே புதுத் தாளுக்குப் போனது.

கடைசியில் காசின் பெரும்பகுதி அரசாங்கப் பத்திரத்துக்குப் போனது. எஞ்சிய சிறு தொகைக்கு அம்மா தானே ஒரு பங்கைத் தெரிவு செய்தார். அது எங்களுக்கு மின்சாரம் தருகிற கொம்பனி. இரண்டு மாதத்துக்கொருமுறை அவர்களுக்கு நாங்கள் கட்டுகிறோம், அவர்களும் எங்களுக்கு ஏதாவது தரட்டுமே என்பது அவர் கணக்கு. மாமா சொன்ன பங்கு பிறகு இரண்டு மடங்காக ஏறியது. மாமா அதை முன்னமே விற்றுவிட்டிருந்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மா ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பேச்சில்லாமல் இருப்பது தாங்க முடியாமல் நானே சண்டையைத் தொடங்கினேன்.

"வங்கியிலை போய் ஏனம்மா மாட்டுக் கதையெல்லாம் சொன்னனீங்கள்?"

"நீ கேட்டாய்" என்றார் அம்மா. அவ்வளவுதான்.

பின்னேரம் சாப்பாட்டு மேசையில் நான் பழி தீர்த்துக்கொண்டேன். பத்தினி போய்விட்ட ஆத்திரத்தில், வங்கியில் நடந்ததை நடித்துக் காட்டினேன். சிஞ்ஞோராவைப் போல, என்னிடம் இல்லாத மூக்குக்கண்ணாடியை இறக்கி, நட்டப்பட்டீர்களா என்று கேட்டேன். பிறகு அம்மாவின் குரலில், "ஓம், மாடு ரெண்டு, ஒரு ஆட்டுக்குட்டி" என்றேன். எல்லோரும் விழுந்து சிரிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அப்பா சோற்றுக் கோப்பையிலிருந்து கையை எடுத்தார். மாமா எழுந்து பல்கனிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தன் திட்டம் பிழைத்த கவலை என்று நினைத்தேன். அம்மா மட்டும் என் கோப்பையில் இன்னொரு துண்டு மீன் வைத்துவிட்டு, "சாப்பிடு பிள்ளை" என்றார்.

இப்போது எனக்குச் சம்பளம் வருகிறது. போன வருடம் நானும் கொஞ்சம் பங்கு வாங்கலாமென்று கைபேசியில் கணக்குத் திறந்தேன். அதே கேள்விகள் வந்தன. மாமா பக்கத்தில் இருந்தார், தலை நரைத்துவிட்டது. இன்னும் விழுந்த பங்குகளைத்தான் வைத்திருக்கிறார். மூன்றாவது கேள்வி வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஞாபகமே மாமா? அம்மா வங்கியிலை ஆட்டுக்குட்டிக் கதை சொன்னவ."

மாமா சிரிக்கவில்லை.

"எங்கட வீட்டிலை ஆடு வளர்க்கேல்லை, பிள்ளை."

பிறகு அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். எனக்கு முன் ஒருத்தி இருந்திருக்கிறாள். ஒன்றரை வயது. சண்டைக் காலத்தில் ஊரோடு இடம்பெயர்ந்து போன வழியில் காய்ச்சல் கண்டு, மருந்து கிடைக்காமல் போய்விட்டாள். பதிவில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது, வீட்டில் எல்லோருக்கும் குட்டி. அவளைப் பற்றி அம்மா அதற்குப் பிறகு யாரோடும் கதைத்ததில்லை, தம்பியோடும் இல்லை, அப்பாவோடும் இல்லை. கோவிலில் ஒரு மாமி என்னைக் குட்டி என்று கூப்பிட்டபோது அம்மா, "அவவுக்குப் பேர் இருக்கு" என்று வெடுக்கென்று சொன்னது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"கொம்மா அவளைப் பற்றி உனக்குச் சொன்னவ எண்டு அண்டைக்கு நீ நடிச்சுக் காட்டேக்கதான் எங்களுக்கே தெரியும்" என்றார் மாமா.

கைபேசியில் அந்தக் கேள்வி பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தது. நான் அதை மூடி வைத்தேன். வங்கி கேட்டது பங்கில் வந்த நட்டத்தை என்பது அம்மாவுக்கு விளங்கியிருக்கும். அதனால்தான் என் பதிலை அவர் திருத்தவில்லை. எதையாவது துலைத்தீர்களா என்று, தமிழில், முகத்தைப் பார்த்துக் கேட்டது நான். இத்தனை வருடத்தில் வேறு ஒருவரும் அவரிடம் அதைக் கேட்டிருக்கவில்லை. அவர் எனக்குத்தான் பதில் சொன்னார். நான் அதை வாங்கிக்கொள்ளாமல், மேசைக்கு அந்தப் பக்கம் திரும்பி, ஒருபோதும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.