சன்ஷேடு இல்லாத ஜன்னல்

எங்கள் வீட்டில் மேற்கே பார்த்து மூன்று ஜன்னல்கள் இருக்கின்றன. இரண்டுக்குச் சன்ஷேடு உண்டு. ஹாலில் இருக்கும் பெரிய ஜன்னலுக்குக் கிடையாது. வீடு கட்டிக்கொடுக்கிற இன்ஜினியரின் சொந்த வீடு இது என்று தெரிந்து வருகிறவர்கள் முதலில் அந்த ஜன்னலைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். நான் அப்பாவைப் பார்ப்பேன்.

சிவில் படித்து முடித்ததும் தென்காசியில் ஓர் இன்ஜினியரின் ஆபீசில் பிளான் வரையும் வேலைக்குச் சேர்ந்தேன். நல்ல மனிதர்தான். ஆனால் சைட்டுக்கு மட்டும் அனுப்ப மாட்டார். "வெயில்ல கருத்துப் போயிருவம்மா" என்பார். வீடு கட்ட வருகிறவர்கள் அதற்கு மேல். நான் வரைந்த பிளானை என் மேஜையிலிருந்தே எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய் அவரிடம் சந்தேகம் கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டை நங்கென்று வைப்பேன்.

அப்பா போலீஸ்காரர். சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்று, தென்காசியில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்கு அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். ஆய்க்குடியில் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார். "ஏட்டி, தட்ட ஒடச்சிராத. நம்ம வீட்ட நீயே கட்டு" என்றார் ஒருநாள்.

அம்மாவுக்கு இதில் சம்மதமில்லை. நான் அரசுத் தேர்வு எழுதி, ஏதாவது ஓர் ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்கார வேண்டும் என்பது அவள் ஆசை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். "இந்த வீட்டப் பாத்துட்டு ஒருத்தராவது எங்களுக்கும் கட்டிக் குடுன்னு ஒன்ட்ட வரணும். யாரும் வரலன்னா பேசாம பரீட்சைக்குப் படிக்கணும். சரியா?" சரி என்றேன். வேறு என்ன சொல்ல? எனக்கு அந்த வீடே பரீட்சையாகிப் போனது.

சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்து, அதற்கு மேலே லிண்டல் கான்கிரீட் போடப் பலகை அடிக்கிற நாளில் சண்டை ஆரம்பித்தது. ஆனி, ஆடியில் குற்றாலத்து மலைப் பக்கமிருந்து வருகிற காற்று, சாரலைப் படுக்கைவாட்டில் அள்ளிக்கொண்டு வரும். அதற்காக மேற்கு ஜன்னல்களுக்கு மேலே சன்ஷேடுக்கும் பலகையை அகலமாகவே நீட்டச் சொல்லியிருந்தேன். அப்பா இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தார்.

"ஹால் சன்னலுக்கு இது வேண்டாம். எடுக்கச் சொல்லு."

"ஏம்ப்பா?"

"சாரல் உள்ள வரணும்."

"எப்பா, சாரல் உள்ள வரக்கூடாதுன்னுதாம்ப்பா இத வைக்கதே."

அவர் எதற்காகக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சர்வீஸ் முழுக்க ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என்று காய்ந்த ஊர்களிலேயே போட்டார்கள். எந்தக் குவார்ட்டர்ஸிலும் ஜன்னலைத் திறந்தால் அடுத்த குவார்ட்டர்ஸின் சுவர். சீசனுக்கு லீவு கேட்டால் கிடைக்காது. ஆனி பிறந்துவிட்டால் போனில் அம்மாவிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "அங்கன சாரல் விழுதா?" என்பதுதான். பிள்ளைகள் படிக்கிறார்களா என்பதெல்லாம் பிறகு. ஓய்வு பெற்றபின் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி முகத்தில் சாரல் படவேண்டும் என்று அந்த மனுஷன் எத்தனை வருஷம் ஆசைப்பட்டிருப்பார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. கோபமும் குறையவில்லை. சுவரில் ஓதம் ஏறும், மரம் ஊதி ஜன்னல் கதவைச் சாத்த முடியாது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"ஊருக்கே ரூல் சொன்னவன் நான். எனக்கு நீ ரூல் சொல்லுதியா?"

தப்பு என்மேல் என்று அப்பா சொல்லி எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. பஸ் மாறி ஏறினால்கூட, பஸ்தான் தப்பான ரூட்டில் போகிறது என்பார். கொத்தனார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இஞ்சினியரம்மா சொல்லுததக் கேக்கவா, அண்ணாச்சி சொல்லுததக் கேக்கவா?" என்றார். "வீட்டுக்காரன் சொல்லுததக் கேளு" என்றார் அப்பா. ஹால் ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு பலகையைப் பிரித்துவிட்டார்கள். அதன்பிறகு வேலை முடியும்வரை நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வைகாசியில் பால் காய்ச்சினோம். ஆனியில் மானம் போயிற்று.

அருவியில் தண்ணீர் விழுகிறது என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் பையோடு வந்து இறங்கினார்கள். சீசனுக்குக் குற்றாலம் வந்தால் தங்குவதற்குப் புதுவீடு வேறு இருக்கிறது, கேட்கவா வேண்டும்? முதல் சாரல் விழுந்தபோது அப்பா நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மீசையெல்லாம் பொடிப்பொடியாக நீர். அந்த முகத்தைப் பார்த்ததும் போனால் போகிறது என்று எனக்கே தோன்றிவிட்டது. சாயங்காலம் காற்று கூடியது. ஜன்னல் கதவைச் சாத்தப் போனால் மரம் ஊதி, பாதியில் நின்றுகொண்டது. ஹாலெல்லாம் தண்ணீர். துணிப்பைகள் நனைந்தன, விரித்த பாய் நனைந்தது. குளித்துவிட்டு வந்த சித்தி கால் வழுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பொம்பளப் புள்ள கட்டுன வீடுல்லா. இப்பிடித்தாம் இருக்கும்."

அந்தப் பேச்சு ஊருக்குள் போக எவ்வளவு நேரமாகும்? கடைக்குப் போனால், "வீட்டுக்குள்ளயே அருவி விழுதாம்லா?" என்று சிரித்தார்கள். நான் சன்ஷேடு வைக்கச் சொன்னேன், அவர்தான் கேட்கவில்லை என்று கத்தலாம் போலிருந்தது. அத்தனை பேர் முன்னால் அப்பாவைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. அம்மா கோணிச் சாக்கை விரித்தபடி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பரீட்சைப் புத்தகம் வாங்கக் கிளம்பிவிட்ட பார்வை.

ஆடியில் வடகரையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். தோப்புக்குப் பக்கத்திலேயே வீடு கட்டப் போகிறார்களாம்; ஒரு பெண் நின்று கட்டிய வீடு என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்திருக்கிறார்கள். நான் மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தேன். ஹால் ஈரத்தை அந்தம்மாள் பார்த்த பார்வையில் படியிலேயே நின்றுவிட்டேன். எப்படியாவது அவர்களைச் சமையலறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போகக் கூடாதா இந்த அப்பா?

அப்பா அவர்களை நேரே அந்த ஜன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"இங்கன பாருங்க தம்பி. இதுக்குச் சன்ஷேடு இல்ல. வைக்கணும்னு எம்மவ தலபாடா அடிச்சுக்கிட்டா. நாந்தான் கேக்கல. இப்ப வீடு கெடக்க கெடப்பப் பாத்தியளா? தப்பு எம்மேல." பிறகு படுக்கையறைக்கு நடந்தார். "இது அவ சொன்னபடி வச்சது. இதுவும் மேக்க பாத்ததுதான். சுவரத் தொட்டுப் பாருங்க. ஒரு சொட்டு ஈரம் இருக்கா?"

அந்த மனிதர் தொட்டுப் பார்த்தார். அவர் மனைவி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, சன்ஷேடு எவ்வளவு தூரம் வருகிறது என்று பார்த்தாள். "ஒங்க மவ எங்க அண்ணாச்சி?" என்றாள்.

படியில் நின்று அழுதுகொண்டிருந்தேன். முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தேன். அதுதான் எனக்கு வந்த முதல் வீடு.

அன்றைக்குப் பிடித்துக்கொண்டது அப்பாவுக்கு இந்தப் பழக்கம். வீட்டைப் பார்க்க யார் வந்தாலும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, முதலில் ஹால், பிறகு படுக்கையறை என்று வரிசையாக நிறுத்திக் காட்டுவார். சித்தியைக்கூட அடுத்த சீசனில் கையைப் பிடித்து இழுத்துப் போய்ச் சுவரைத் தொடவைத்தார். சுந்தரபாண்டியபுரத்தில் இரண்டு, வடகரையில் இன்னொன்று என்று வேலை வந்து, தென்காசியில் நான் தனியாக ஆபீஸ் போட்டேன். பரீட்சைப் பேச்சை அம்மா அதோடு விட்டுவிட்டாள். கோணிச் சாக்கை மட்டும் வருஷாவருஷம் மாற்றுவாள்.

போன சீசனில் ஹால் ஜன்னல் சுவரில் பெயின்ட் உப்பி, மூலையில் பாசியே பிடித்துவிட்டது. சாரல் தொடங்கும் முன்பு சன்ஷேடை வைத்து முடித்துவிடலாம் என்று இந்தப் பங்குனியில் அப்பாவிடம் சொல்லாமல் கொத்தனாரைப் பலகையோடு கூட்டி வந்தேன். அப்பா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், ஜன்னலுக்கு நேர்கீழே போட்டு உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ மறியலைக் கலைத்த மனுஷன்.

"எந்திரிங்கப்பா. பலக அடிக்கணும்."

"சன்ஷேடு வச்சிட்டா, வாரவங்களுக்கு நான் எதக் காட்ட?"

"இப்பல்லாம் யாருப்பா வீட்டப் பாத்துட்டு வாரா? நான் கட்டுன வீட்டப் பாத்து அவங்களே போன் பண்ணி ஆபீசுக்கு வந்துருதாங்க."

"அப்ப எனக்கு வேலை இல்லங்குதியா?" என்றார் அப்பா.

கொத்தனாரைப் பலகையை வண்டியில் ஏற்றச் சொன்னேன். உள்ளே போய், மறுநாள் ஆபீசுக்கு வருவதாகச் சொல்லியிருந்த ஒரு தம்பதிக்குப் போன் செய்தேன்.

"ஆபீசுக்கு அப்புறம் வரலாம். முதல்ல ஆய்க்குடியில எங்க அப்பா வீட்டப் பாத்துட்டு வந்துருங்க" என்றேன்.

மறுநாள் காலையில் அவர்கள் வருவதற்கு ரொம்ப நேரம் முன்பே, அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.